முதலில் பார்க்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

ஒன்பதாம் வகுப்புக்கு அரசியல் கார்ட்டூன் பாடம் எடுக்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். படத்தைக் காட்டியதும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடாதே. கேட்டால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள், நீ எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாய் என்று. "என்னென்ன தெரிகிறது?" என்று மட்டும் கேள். அப்புறம் பேசாமல் இரு.

கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ வரைந்து, 1939 செப்டம்பர் 20 அன்று லண்டன் நாளிதழ் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள். ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைத் தூக்கி, குனிந்து, மரியாதை செய்துகொள்கிறார்கள். "உலகத்தின் கசடு தாங்கள்தானே?" என்கிறார் ஒருவர். "தொழிலாளர்களைக் கொன்ற பாதகர் தாங்கள்தானே?" என்கிறார் மற்றவர். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி, "நடுவில் ஓர் ஆள் விழுந்து கிடக்கிறாரே" என்பாள். நீ காத்திருக்க வேண்டியது அதற்குத்தான். தேதிகளை அப்போது சொல். ஆகஸ்டில் இருவரும் போர் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது, 17 அன்று சோவியத் படை. கிடப்பது யார் என்று நீ சொல்லவே வேண்டியிருக்காது.

மிகைப்படுத்தல், குறியீடு, முரண் எல்லாம் அதற்குப் பிறகு போதும். பார்த்துவிட்டவற்றுக்குப் பெயர் வைப்பது சுலபம்.

நேரம் போதாவிட்டாலும் இன்னொரு கேள்வியை விட்டுவிடாதே: வரைந்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார், எதைக் காட்டாமல் விட்டார்? கார்ட்டூன் என்பது ஒருவருடைய வாதம். பார்ப்பவரும் வெறுங்கையோடு வருவதில்லை. நம் நாட்டுக் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் வரைந்த படத்தில், அரசியலமைப்புச் சட்டம் என்ற நத்தைமேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருப்பார், பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கியிருப்பார். அன்று அது சட்டம் எழுதுவதில் ஏற்பட்ட தாமதத்தைப் பற்றிய கிண்டல். 2012-இல் அதே படத்தைப் பாடப்புத்தகத்தில் கண்ட பலருக்கு அது அம்பேத்கருக்கு இழைத்த அவமதிப்பாகத் தெரிந்தது. நாடாளுமன்றத்திலேயே பெரிய அமளி நடந்தது. எது சரி என்று நீ தீர்ப்புச் சொல்லிவிடாதே, தயவுசெய்து. சாட்டை யார்மேல் விழப்போகிறது என்று கேட்டு, இரண்டு பக்கமும் பேச விடு. வகுப்பில் சத்தம் வரும், பரவாயில்லை.

வீட்டுப்பாடமாக, கிண்டலுக்கு ஆளானவர் பதிலுக்கு ஒரு படம் வரைந்திருந்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல். வரையத் தெரியாதவர்கள் குச்சி மனிதர்களைப் போடட்டும். அவற்றில் இரண்டு மூன்றை எனக்கும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா