உட்கார்ந்து பார்க்கிற வேலை

திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இடுப்பு வலி என்று நீ போனில் சொன்னதும், "எந்நேரமும் உட்கார்ந்தே கிடந்தா வேற என்ன செய்யும்?" என்று அம்மா திட்டினாள் அல்லவா? எனக்கு மனசு கேட்கவில்லை.

லண்டன் பஸ்காரர்களைப் பற்றி ஒரு சேதி படித்தேன். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் ஆராய்ந்து 1953ல் வெளியிட்டது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாம். இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே புகை. ஆனால் அது மாடி பஸ், கண்டக்டர் நாள் முழுக்க அதன் படி ஏறி இறங்குவார். டிரைவர் சீட்டைவிட்டு எழ முடியாது. அதே டாக்டர் பிறகு யூனிஃபார்ம் அளவுகளைப் பார்த்து, வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களுக்கு இடுப்பு பெரிது என்றும் எழுதினார். தன் முடிவுக்கே இடிக்கிற சேதியை மறைக்காத நேர்மையான மனுஷன்.

நானும் 31 வருஷம் நத்தம் லைனில் டிக்கெட் கிழித்தவன். முகூர்த்த நாளில் படிக்கட்டிலிருந்து பின் சீட்டுவரை நெரிசலில் நுழைந்து போய் வருவதற்குள் சட்டை பிழிந்தெடுத்த மாதிரி ஆகிவிடும். முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் அண்ணன் சோம்பேறியா? என்னைவிட அதிகம் உழைத்தவர். வேலை அவரை அங்கே உட்கார வைத்தது. உன் கதையும் அதுதான். மீட்டிங், சாப்பாடு, பாங்க் வேலை எல்லாம் நாற்காலிக்கே வந்துவிடுகிறது. எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டாமா?

உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டதே நாங்கள்தான். நின்று நின்று எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. "நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகணும் பிள்ளை" என்று சொல்லித்தானே உன்னைப் படிக்க வைத்தோம்? ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்கவே 2021ல் சட்டம் போட வேண்டியிருந்தது.

அம்மாவும் யோக்கியமில்லை. அம்மி, உரல், தெருக்குழாய்க் குடம் எல்லாம் போய் இருபது வருஷம் ஆகிறது. சீரியல் ஆரம்பித்தால் தண்ணீருக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். நான் மட்டும் என்ன? ரிட்டையர் ஆனதிலிருந்து திண்ணையை விட்டு இறங்குவதில்லை. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. பேரனைச் சொல்லி என்ன, ஸ்கூல் வேன், டியூஷன், செல்போன். நீ பாண்டி ஆடிய இடத்தில் இப்போது இரண்டு கார் நிற்கிறது.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். போன் வந்தால் எழுந்து நின்று பேசு. நானும் இனி அப்படியே பேசுகிறேன்.

பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறோம். அன்றைக்குக் கரண்ட் இல்லை, அம்மா மூலையில் கிடந்த பழைய உரலில் இடித்தாள். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா