பனியாற்று ஏரிக்குப் பணம் வாங்கிக்கொண்டு கிரிக்கெட் மட்டைக் கடையைக் காட்டியது குறித்த புகார்

சத்துவாச்சாரி, வேலூர்
14.10.2024

அனுப்புநர்:
செப்டம்பர் மாதக் காஷ்மீர் பயணத்தில் நால்வருக்கு முன்பதிவு செய்தவர் (பெயரும் கைபேசி எண்ணும் உங்கள் ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
சுற்றுலா நிறுவனம், வேலூர்

பொருள்: ‘பனியாறு செதுக்கிய ஏரிகளும் ஊற்றுகளும்’ என்ற 7 நாள் பயணத்தில் சொன்ன இடங்களைக் காட்டாதது, தவறான படம் போட்டு விளம்பரம் செய்தது, பணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா,

போனில் மூன்று முறை பேசிவிட்டேன். மூன்று முறையும் வேறு வேறு ஆள் எடுத்தார், மூவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியாகப் பேசியவர், “ஏரிதானே சார், அதான் ரெண்டு ஏரி காட்டியிருக்காங்களே” என்றார். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனித்திரள், வரைந்தவன். மலைச்சரிவில் நாற்காலி மாதிரி ஒரு பள்ளம் வரைந்து, இது சர்க், இதில் தண்ணீர் தேங்கினால் டார்ன் ஏரி, கீழே யு வடிவப் பள்ளத்தாக்கு, ஓரத்தில் பனி கொண்டுவந்து குவித்த கல்மண் மேடு, அதாவது மொரைன் என்று அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. வேலூர் வெயிலில் பனியாற்றைப் பற்றிப் பாடம் எடுப்பவர் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டீஸைப் பார்த்ததும் மனைவியையும் தங்கையையும் பிளஸ் ஒன் படிக்கும் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பியதற்குக் காரணம் இதுதான். தால் ஏரியில் படகு விடவோ சால்வை வாங்கவோ போகவில்லை. அதற்கு இதைவிடக் குறைந்த விலையில் உங்களிடமே வேறு பயணம் இருக்கிறது.

நோட்டீஸில் என்ன போட்டிருந்தீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். நாரநாக்கிலிருந்து குதிரையில் கங்காபல், நுந்த்கோல் என்ற பனியாற்று ஏரிகள், அங்கே இரண்டு இரவு கூடாரம். சோனமார்க்கில் தாஜிவாஸ் பனியாறு. வெரிநாக், கோகர்நாக் ஊற்றுகள். எல்லா இடத்திலும் நிலவியல் தெரிந்த தமிழ் வழிகாட்டி. இதில் கங்காபல் கூடாரத்துக்கு மட்டும் தலைக்கு 9,500 ரூபாய், வழிகாட்டிக்குத் தலைக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்கியிருக்கிறீர்கள். ரசீது இருக்கிறது.

கங்காபல் போகவில்லை. ஸ்ரீநகர் ஓட்டலில் இரண்டாம் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் டூர் மேனேஜர் தம்பி வந்து, “மேலே பனி விழுந்திருக்கு, வழி அடைச்சிட்டாங்க” என்றார். சரி, மலை விஷயம், நம்மால் ஆவதென்ன என்று பேசாமல் இருந்துவிட்டோம். மறுநாள் நாரநாக்கில் பழைய கற்கோயில்களையும் ஊற்று நீர் நிரம்பும் கல்தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பை சுமந்த இரண்டு பெங்களூரு பையன்கள் மேலிருந்து இறங்கி வந்தார்கள். கங்காபலில் இரவு தங்கிவிட்டு வருகிறார்களாம். முதல் நாள் மாலை எடுத்த படத்தைப் போனில் காட்டினார்கள். ஹர்முக் சிகரத்தின் அடியில் கருநீலமாக ஏரி, கரையில் பழுத்துப்போன புல், வானத்தில் ஒரு துண்டு மேகம். பனி மலை உச்சியில்தான் இருந்தது, அது எப்போதும் இருப்பதுதான். அங்கிருந்த குதிரைக்காரர்களிடம் எங்கள் ஓட்டுநரை விட்டு விசாரிக்கச் சொன்னேன். அப்படி ஒரு குழுவுக்குக் குதிரை சொல்லி வைக்கவே இல்லை என்றார்கள். வழி அடைபடவில்லை, ஐயா. நீங்கள் ஏற்பாடே செய்யவில்லை. ‘இயற்கைச் சூழல் காரணமாக மாற்றம் இருக்கலாம்’ என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். குதிரை சொல்லாமல் விட்டதை எந்த இயற்கையின் தலையில் கட்டுவது?

அதற்குப் பதிலாகத்தான் மானஸ்பல் காட்டினீர்கள். நல்ல ஏரி, குறை சொல்ல மாட்டேன். காஷ்மீர் பள்ளத்தாக்கிலேயே ஆழமான ஏரி, அடியில் ஊறும் தண்ணீரே பெரும்பாலும் அதை நிரப்புகிறது. ஆனால் அது பள்ளத்தாக்கின் தரையில், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்குள் இருக்கிறது. கங்காபல் சுமார் 3,570 மீட்டரில். நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் ஏற்றம். உங்கள் தம்பி, “இதுவும் பனியாறு ஏரிதான் சார், எல்லாம் ஒரே தண்ணிதான்” என்றார். மாமா, அப்படிப் பார்த்தால் நம்ம வேலூர் சதுப்பேரியும் வங்காள விரிகுடாவும் ஒரே தண்ணிதானே என்று என் மருமகள், அதாவது தங்கை மகள், கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அவரிடம் கோபமில்லை. அவர் நிலவியல் படித்தவர் இல்லை, போன மாதம் வரை ஆன்மிகப் பயணங்களில் போய்வந்தவர் என்று அவரே சொன்னார். அவரை நிலவியல் வழிகாட்டி என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கியது நீங்கள்.

ஏரி எல்லாம் ஒன்றுதான் என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. என் அப்பாவுக்கு ஊர் காவேரிப்பாக்கம் பக்கம். எங்கள் வட ஆற்காட்டு ஏரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரை மறித்து மனிதன் மண்கரை போட்டான், வயலுக்கு விட மதகு வைத்தான், மிஞ்சியது வழியக் கலங்கல் கட்டினான். பனியாற்று ஏரியில் கரையும் பள்ளமும் பனியின் வேலை. பல்லாயிரம் வருடம் பனி தன் எடையோடு நகர்ந்து பாறையைப் பெயர்த்துக் குழி தோண்டியது. தோண்டிய கல்லையும் மண்ணையும் வாசலில் கொண்டுவந்து குவித்துவிட்டு உருகிப் போனது. சில இடங்களில் அந்தக் குவியலே ஏரிக்குக் கரை, அதில் தாழ்ந்த இடம் கலங்கல். கங்காபலின் தண்ணீர் அப்படி வழிந்து கீழே நுந்த்கோலில் இறங்கி, வாங்கத் ஓடையாகி, சிந்து நாலாவில் (சிந்து நதி வேறு) சேர்கிறது. எங்கள் ஊரில் ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகிற மாதிரியே. அதைப் பார்க்கத்தான் நான் 38,000 ரூபாய் கட்டினேன், நால்வருக்கும் சேர்த்து.

தாஜிவாஸ் பார்த்தோம். அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன். அங்கேயும் ஒரு சங்கதி நடந்தது. பனிக்குக் கீழே குவிந்திருந்த கல்மேட்டைக் காட்டி, ரோடு போட்ட காண்ட்ராக்டர் கொட்டியது என்றார் தம்பி. இறங்கிப் போய்ப் பார்த்தோம். பாலாற்று மணலை அள்ளியவனுக்குத் தெரியும், ஆறு பொருளைப் பிரித்து வைக்கும். பெருமணல் ஓரிடம், பொடிமணல் ஓரிடம், களிமண் ஓரிடம். இந்த மேட்டில் எதுவும் பிரியவில்லை. அடுப்புக்கல் அளவு, அரைமூட்டை அளவு, அதற்கு நடுவே மாவு மாதிரி சாம்பல் நிற மண், எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கல்லின் மூலைகள் மழுங்கவே இல்லை. மருமகள் ஒரு தட்டையான கல்லைப் புரட்டினாள். அதன் மேல் ஒரே திசையில் நாலைந்து கோடுகள், ஆணியால் இழுத்தது போல. அடிப்பனியில் சிக்கிய கல் பாறை மேல் உரசிக்கொண்டே போனதன் தழும்பு. அந்த மேடு காண்ட்ராக்டர் கொட்டியதல்ல, பனியாறு கொட்டிய மொரைன். முப்பது வருடமாக நான் பாடத்தில் சொன்ன கோடு அது. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் தம்பி விசில் அடித்துவிட்டார். சால்வைக் கடைக்கு நேரமாகிவிட்டதாம்.

அங்கே ஓடையில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன். அது பின்னால் வருகிறது.

ஐந்தாம் நாள் தெற்கே போனோம். நோட்டீஸ்படி காலையில் கோகர்நாக், மதியம் வெரிநாக். நடந்தது வேறு. நெடுஞ்சாலை ஓரத்தில் கிரிக்கெட் மட்டை செய்யும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, வில்லோ மரக்கட்டைகளை அடுக்கடுக்காகக் காயவைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான், ஐந்து நிமிடம். ஒரு கடையில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினீர்கள். எங்கள் நால்வரில் மட்டை பிடித்தவர் ஒருவருமில்லை. என் மனைவி உள்ளே போய் உட்கார நாற்காலி கேட்டு, அதற்காகவே ஒரு சின்ன மட்டை வாங்க வேண்டியதாயிற்று. இப்போது அது எங்கள் வீட்டில் துணி அலச உதவுகிறது. அப்புறம் குங்குமப்பூக் கடை, அப்புறம் உலர்பழக் கடை. கோகர்நாக்குக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் தம்பி தனியாகக் கல்லாப் பக்கம் போய் வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெரிநாக்கை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருபது நிமிடம். ஜீலம் ஆற்றின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் ஊற்று அது. ஜஹாங்கீர் காலத்தில் சுற்றிலும் எண்கோணமாகக் கல்தொட்டி கட்டியிருக்கிறார்கள், வளைவு வளைவாக மாடங்கள். குமிழி இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் அசைவது தெரியாமல் அடியிலிருந்து ஏறி வாய்க்காலில் வழிகிறது. மீன் கூட்டம் அந்தரத்தில் நிற்பது போலிருந்தது. அனந்தநாக் பக்கத்து மலைகளில் சுண்ணாம்புப் பாறை அதிகம். பனி உருகிய தண்ணீரும் மழைத்தண்ணீரும் பாறை வெடிப்பில் இறங்கி, உள்ளேயே வழி அரித்துக்கொண்டு, மலையடியில் இப்படி வெளியே வருகின்றன. காஷ்மீரியில் நாக் என்றால் ஊற்று, சர் என்றால் ஏரி. இதைச் சொன்னது வழிகாட்டி இல்லை, ஓட்டுநர். உடைந்த இந்தியில், வண்டியை ஓட்டிக்கொண்டே, உங்கள் நிறுவனம் தர வேண்டியதில் பாதியை அவர்தான் எங்களுக்குத் தந்தார். அவருக்கு ஏதாவது செய்யுங்கள்.

நானும் அவருக்கு எங்கள் ஊற்றைச் சொன்னேன். கோடையில் பாலாற்று மணலில் நீளமாக ஊற்றுக்கால், அதாவது வாய்க்கால், தோண்டி, அடியில் ஓடும் தண்ணீரை வயல் வரைக்கும் இழுத்துவருவார்கள் என்று. ஊற்றுக்கால் பாய்ச்சலில் இரண்டு போகம் எடுத்தவர்கள் இங்கே உண்டு. மணலும் போனது, காலும் போனது என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. அதற்குள் வாசலைச் சாத்த ஆள் வந்துவிட்டார்.

வாய்க்காலில் இரண்டாவது பாட்டிலை நிரப்பினேன். ஓட்டலில் இரண்டையும் ஜன்னலோரம் வைத்தோம். தாஜிவாஸ் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி லேசாகக் கலங்கி இருந்தது, வெரிநாக் தண்ணீர் கண்ணாடி. காலையில் பார்த்தால் முதல் பாட்டிலின் அடியில் நூல் கனத்துக்குச் சாம்பல் படிவு. பனியாறு பாறையை அரைத்த மாவு அது. இரண்டும் இப்போது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. எந்தத் தண்ணீரும் ஒரே தண்ணீர் என்று சொன்ன உங்கள் அலுவலர் வந்து பார்க்கலாம்.

இனி படத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் முகப்பில் ‘கங்காபல் ஏரி’ என்று போட்டிருக்கிறீர்களே, பச்சை நீலத் தண்ணீர், பின்னால் வரிசையாகக் கூர் சிகரங்கள், ஓரத்தில் ஊசியிலை மரங்கள். மரம் வளரும் உயர எல்லைக்கு மேலே இருக்கிற கங்காபல் கரையில் அப்படி மரம் ஏது என்று எனக்கு முதலிலேயே உறுத்தியது. மருமகள் போனில் படத்தைப் போட்டுத் தேடி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். அது கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் மொரெய்ன் ஏரி. ஒரு காலத்தில் அந்த நாட்டு 20 டாலர் நோட்டின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்த காட்சி. காஷ்மீரில் அழகான படத்துக்கா பஞ்சம்? அந்தப் பெங்களூரு பையன்களைக் கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார்கள்.

குறையாக இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு எதிலும் பழுதில்லை. பகல்காம் ஒரு நாள் நன்றாகவே போனது. படகு வீட்டில் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துத் தரச் சொல்லி ஏற்பாடு செய்தது அந்தத் தம்பிதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். கங்காபல் கூடாரத்துக்கு வாங்கிய 38,000 ரூபாய், வழிகாட்டிக் கட்டணம் 6,000 ரூபாய், ஆக 44,000 ரூபாயை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கோகர்நாக் விட்டுப்போனதற்குத் தனித்தொகை கேட்கவில்லை, ஆனால் விட்டுப்போனது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டீஸிலிருந்து கனடா படத்தை எடுங்கள். அடுத்த துபாய் பயணத்தில் 2,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம். துபாயில் எனக்குப் பனியாறு கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பது எனக்கு ஒரு தடையில்லை.

நோட்டீஸ், ரசீது, பெங்களூரு பையன்கள் அனுப்பிய தேதியுள்ள படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூலங்கள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவர்