செத்த டிஸ்க்கும் வந்த டிஸ்க்கும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதி. நடக்க ஆரம்பித்தால் நீ நிறுத்த மாட்டாய், கொஞ்சம் பார்த்து. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறியிருக்கிறாள். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். முதலில் உன் ஹார்டு டிஸ்க் விஷயம். வாரண்டி முடிய அதிக நாள் இல்லை என்கிறாயே.

டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறது, கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, அனுப்பினால் புதிதாக ஒன்று கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். கொடுப்பார்கள். புதிதா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல். அதில் இருக்கும் படங்களும் கணக்கு வழக்கும் வேறெங்காவது இருக்கின்றனவா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் டிஸ்க்கைக் கழற்று. கழற்றி டிராயரில் போடு. இன்னொரு தடவை பார்க்கலாமே என்று கரண்ட் கொடுக்காதே.

அந்தச் சத்தம் என்ன தெரியுமா? சுற்றும் தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, தட்டிலேயே எழுதியிருக்கும் சில குறிகளை, கையின் நுனியில் இருக்கும் தலை படிக்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் கை பின்வாங்கித் தன் இடத்துக்குப் போய், மறுபடி வந்து முயலும். ஒவ்வொரு பின்வாங்கலும் ஒரு டக். தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலை பழுதாகித் தட்டில் உரசிக்கொண்டிருந்தால், நீ செய்யும் ஒவ்வொரு முயற்சியும் காந்தப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடும். அப்படிப் போன பூச்சை எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது.

டேட்டா முக்கியம் என்றால் மீட்டுக் கொடுக்கும் ஆட்களிடம்தான் முதலில் போக வேண்டும், தூசியில்லாத அறை வைத்திருப்பவர்களிடம். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. மூடியில் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்தால் வாரண்டி போச்சு. சில தயாரிப்பாளர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட மீட்பு நிறுவனம் திறந்து, எழுத்தில் சான்று கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். திறப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். யூடியூப் பார்த்துத் தானே ஸ்குரூடிரைவரை எடுப்பவர்களுக்கு டேட்டாவும் போகும், வாரண்டியும் போகும்.

சரி, பேக்கப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார். தேதி பளிச்சென்று வரும். சில சமயம் வேறு மாதிரியும் வரும்: இந்த டிஸ்க்குக்கு எங்களிடம் வாரண்டி இல்லை, விற்றவரைக் கேளுங்கள் என்று. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் இந்தப் பதில்தான். டிஸ்க் செய்தவர் அதை மொத்தமாகக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு விற்றிருப்பார், பொறுப்பும் அதோடு கைமாறிவிட்டது. வெளியில் வைத்துப் பயன்படுத்தும் பெட்டியை உடைத்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துப் பொருத்தியவர்களுக்கும் இதே கதி, அவர்களுடைய வாரண்டி பெட்டிக்குத்தான். தேதி நீ நினைத்ததைவிட முன்னாலேயே முடிந்துவிட்டதாகக் காட்டினால் பதறாதே. வாங்கிய தேதி அவர்களுக்குத் தெரியாதபோது தயாரித்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். பில்லை அனுப்பினால் திருத்திவிடுவார்கள். பில் இருக்கிறதல்லவா?

அடுத்தது ஆர்எம்ஏ எண், திருப்பி அனுப்பத் தயாரிப்பாளர் கொடுக்கும் அனுமதி எண். அது இல்லாமல் அனுப்பினால் பார்சல் யாருடையது என்று தெரியாமல் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். எண்ணைப் பெட்டிக்கு வெளியே பெரிதாக எழுது. பேக்கிங்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். நம் பழைய வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவான், செய்தித்தாளைக் கசக்கிச் சுற்றி ஒரு மெல்லிய அட்டைப்பெட்டியில் அனுப்பினான். சரியாகப் பேக் செய்யப்படவில்லை, போக்குவரத்தில் சேதமாகியிருக்கலாம் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பே அது செத்த டிஸ்க்தானே என்று அவன் எவ்வளவோ வாதாடினான். நிரூபிக்க வழியில்லை. நீ ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டு, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது ஸ்பாஞ்ச் இருக்கும்படி வைத்து, பெட்டியை ஆட்டிப் பார். உள்ளே எதுவும் அசையக் கூடாது. அனுப்பும் முன் டிஸ்க்கையும் பேக்கிங்கையும் போட்டோ எடுத்து வை. தயாரிப்பாளரின் சோதனை மென்பொருள் அந்த டிஸ்க்கில் ஓடினால், அது காட்டும் பிழைக் குறியீட்டைப் படிவத்தில் எழுதிவிடு, கேள்வி குறையும். சிலர் மாற்று டிஸ்க்கை முதலில் அனுப்பிவிட்டுப் பழையதை அப்புறம் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு உன் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அவசரம் இல்லையென்றால் அந்த வம்பு எதற்கு?

இப்போது அந்தப் 'புதிது' விஷயம். எனக்கு வந்தவற்றில் பல, ஏற்கெனவே இன்னொருவரிடம் இருந்து திரும்பி வந்து, பழுது பார்த்து, சோதித்து, மறுபடி முத்திரை குத்தி அனுப்பியவை. ஸ்டிக்கரிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இல்லாவிட்டாலும் உடம்பு சொல்லிவிடும். ஒன்றை விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஸ்குரூ ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் உரிந்து, மரையில் பளபளப்பு. கேபிள் சொருகும் இடத்தில் தங்கப் பூச்சு மேல் வரிவரியாகக் கோடுகள், யாரோ பல முறை சொருகி எடுத்த தடம். ஓடிய நேரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் பூஜ்யம் என்றது! பழுது பார்த்தவர்கள் கணக்கை அழித்துவிடுவார்கள். சட்டப்படி இதில் தப்பு இல்லை, நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட வாரண்டி விதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்பது மட்டும் மனதில் இருக்கட்டும். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இதுவே பெரிய செய்தியாகிவிட்டது. கடைகளில் புதிது என்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைத் துடைத்தவர்கள் ஃபார்ம் என்ற இன்னொரு உள் பதிவை விட்டுவைத்திருந்தார்கள், அதுதான் காட்டிக்கொடுத்தது. அது வாரண்டி மாற்று இல்லை, விற்பனை வழியில் நடந்த மோசடி. ஆனாலும் பூஜ்யத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் வந்த டிஸ்க்கை நான் உடனே வேலைக்கு எடுப்பதில்லை. வந்த அன்றே விருந்தாளி கையில் யாராவது சாவிக்கொத்தைக் கொடுப்பார்களா? முதலில் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பார்ப்பேன். கெட்டுப்போய் மாற்றிய செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னத் துண்டுகள்), படிக்க முடியாமல் காத்திருப்பவை, திருத்தவே முடியாதவை, அந்த வரிசையில். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்புறம் டிஸ்க் முழுக்க எழுதி, முழுக்கப் படித்து, மறுபடி அதே மூன்று வரிகள். 4 டெராபைட் டிஸ்க்கை ஒரு முறை படித்து முடிக்கவே 7, 8 மணி நேரம் ஆகும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் 197-ல் ஏதாவது எண் முளைத்திருந்தால் அதே பெட்டியில் திருப்பி அனுப்பிவிடுவேன். வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதே என்று இதற்காகத்தான் சொல்கிறேன். அதுதான் அவர்களே அங்கீகரித்த பேக்கிங்.

எனக்கு மாற்றாக வந்த ஒன்று கொஞ்ச காலத்தில் தானும் போய்ச்சேர்ந்து, அதற்கு ஒரு மாற்று வந்தது. வாரண்டி புதிதாக ஆரம்பிக்கும் என்று எதிர்பார்க்காதே. பழைய டிஸ்க்குக்கு மிச்சம் இருந்த காலம்தான் இதற்கும். சில தயாரிப்பாளர்கள் மிச்சம் குறைவாக இருந்தால் 90 நாளாவது கொடுக்கிறார்கள். ஒரு தடவை நல்லதும் நடந்தது. பழைய அளவில் டிஸ்க் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதால் பெரியதாகக் கொடுத்துவிட்டார்கள். நீ ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு, வைத்திருப்பதால் ஒன்று பார்த்துக்கொள். பெரியது வந்தால் பிரச்சினை இல்லை. சில செக்டார் சின்னதாக இருந்தாலும் ரெய்டு சேர்த்துக்கொள்ளாது. உள்ளே எழுதும் முறையையும் விசாரி. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை, ரெய்டில் மறுகட்டமைப்பு ஓடும்போது, அதாவது மாற்று டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும்போது, மிகவும் திணறும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில மாடல்களில் இதைச் சொல்லாமல் வைத்திருந்தது வெளிவந்து வழக்கு வரை போனது.

அதிக ஆண்டு வாரண்டி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அதிக நாள் உழைக்குமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2002 அக்டோபரில் மேக்ஸ்டர், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றும் சாதாரண மேஜைக் கணினி டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றுக்கு வாரண்டியை 3 ஆண்டிலிருந்து 1 ஆண்டாகக் குறைத்தன. 2004-ல் சீகேட் 5 ஆண்டு என்றது. 2009-ல் பல மாடல்களுக்கு அதையே 3 ஆக்கியது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் முழுக்க டிஸ்க்குக்குத் தட்டுப்பாடு வந்ததே, அந்த ஆண்டு முடிவிலேயே சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களுக்கு இன்னும் குறைத்தன. தட்டும் மோட்டாரும் இப்படி ஏறி இறங்கவில்லை. மாறியது சந்தை. எத்தனை திரும்பி வரும், அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், போட்டிக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்துப் போட்ட எண் அது.

அவர்கள் சொல்லும் ஆயுள் கணக்கும் அப்படித்தான். 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடரும் கிப்சனும் பெரிய கணினிக் கூடங்களில் மாற்றப்பட்ட டிஸ்க்குகளை எண்ணிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் தாளின்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் போக வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சர்வசாதாரணம், சில இடங்களில் 13 வரை. அதே ஆண்டு கூகுளில் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தார்கள். செத்தவற்றில் 36 சதவீதம், வெப்பநிலையை விட்டுவிட்டால் வேறெந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே செத்தவை. உன்னுடையதும் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய், அது அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை.

கடைசியாக, நான் அனுப்பாமல் விட்ட ஒன்றைப் பற்றி. வாரண்டி தாராளமாக இருந்தது. அதில் அப்பாவின் மருத்துவச் சீட்டுகள், வங்கித் தாள்கள், வரிக் கணக்கு எல்லாம் பூட்டாமல் கிடந்தன. செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது, எழுத முடிந்தால்தானே அழிக்க முடியும்? ஆனால் அதைப் பழுது பார்க்கிறவர் தலையை மாற்றினால் எல்லாம் உயிரோடு எழுந்து வந்துவிடும். அந்த டிஸ்க் அப்புறம் யார் வீட்டுக்குப் போகுமோ! அமெரிக்காவின் எம்ஐடியில் கார்ஃபிங்கலும் ஷெலட்டும் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்த 129-ல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது, அதில் ஆயிரக்கணக்கான கணக்கு எண்கள். தயாரிப்பாளர்கள் மறுபயன்பாட்டுக்கு முன் அழிப்பதாகச் சொல்கிறார்கள், பெரும்பாலும் செய்வார்கள்தான். நான் பார்க்கப் போவதில்லையே. ஒரு டிஸ்க்கின் விலையைவிட அந்தத் தாள்கள் பெரிதாகப் பட்டன. துளை போட்டுத் தூக்கிப் போட்டேன். லேப்டாப் டிஸ்க்குக்கு இதைச் செய்வதாக இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், அவற்றில் பலவற்றின் தட்டு கண்ணாடிதான், சில்லுசில்லாகத் தெறிக்கும். அதற்கப்புறம் வாங்கியதை எல்லாம் முதல் நாளே முழுதாகக் குறியாக்கம் செய்து, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிடுகிறேன். இப்போது எது செத்தாலும் யோசிக்காமல் பெட்டியில் போட்டு அனுப்ப முடிகிறது.

ஆகவே உன்னுடையதில் என்ன இருந்தது, பூட்டியிருந்ததா என்று எழுது. ஸ்டிக்கரைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பினால் வாரண்டித் தேதியையும் எஸ்எம்ஆரா இல்லையா என்பதையும் நானே பார்த்துச் சொல்கிறேன். ரெய்டில் மீதி இருக்கும் டிஸ்க்குகளும் அதே சமயம் வாங்கியவை என்றால், மாற்று வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு பேக்கப் எடுத்துவிடு. ஒரே தொகுப்பில் வந்தவை அடுத்தடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்,
சேகர்