எது ஆறு, எது சேறு?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு என் வலது கண்தான் காரணம். கண்புரை அறுவை முடிந்ததும், ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காதுக்குத் தடை இல்லையே! நாள் முழுக்கப் பாட்டுதான், அதிலும் நீ திட்டி எழுதியிருந்த ஸ்பெயின் பாடகர் ஜோன் மனுவேல் செர்ராட்டின் பாட்டுதான் அதிகம்.

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று எழுதியிருந்தாய். ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் பேசும் கட்டலான் மொழிக்காகச் சண்டை போட்டவர் ஸ்பானிஷில் ஏன் இத்தனை பாட்டு பாடினார் என்பது உன் கேள்வி.

முதலில் அவர் வீட்டைப் பார். 1943இல் பார்சிலோனாவில், மொஞ்சுயீக் குன்றின் அடிவாரத்தில் உள்ள பொப்ளா செக் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா கட்டலான்காரர். அம்மாவுக்கு ஊர் ஸ்பெயினின் அரகோன் பகுதியில் உள்ள பெல்சித்தே. உள்நாட்டுப் போரில் இடிந்து நாசமான ஊர். அம்மா பேசியது ஸ்பானிஷ். ஒரே அடுப்படியில் இரண்டு மொழி. இதில் எது ஆறு, எது சேறு?

1968இல் ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயின் சார்பில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டலானில்தான் பாடுவேன் என்றார். அந்தப் பாட்டு முக்கால்வாசி 'ல ல லா'தான். அதை எந்த மொழியில் பாடினால் என்ன என்று நீ சிரிப்பாய். கட்டலானை ஒடுக்கிவந்த சர்வாதிகாரி பிராங்கோவின் அரசுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை நீக்கிவிட்டு மாஸியெல் என்ற பாடகியை லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் 29 புள்ளி எடுத்து, 28 எடுத்த பிரிட்டன் பாடகர் கிளிஃப் ரிச்சர்டை ஒரே புள்ளியில் முந்தி ஜெயித்தார். செர்ராட்டின் பாட்டுகளுக்கு அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தடை விழுந்தது. இதில் வேடிக்கை, ஸ்பானிஷிலும் பாட ஆரம்பித்ததற்காகக் கட்டலான் பற்றாளர்கள் அதற்கு முன்பே அவர் மீது கோபமாக இருந்தார்கள். இரண்டு பக்கமும் அடி.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். அடுத்த வருஷமே அந்தோனியோ மச்சாதோவின் ஸ்பானிஷ் கவிதைகளை வைத்து ஒரு முழு இசைத்தட்டு போட்டார். பிராங்கோ படைக்குத் தப்பி எல்லை தாண்டி, 1939இல் பிரான்ஸின் கடலோர ஊரான கொலியூரில் இறந்துபோனவர் மச்சாதோ. 1972இல் மிகேல் எர்னாந்தெஸ் என்ற கவிஞரின் கவிதைகளுக்கு ஒரு தட்டு. அவர் 31 வயதில் சிறையிலேயே காசநோயில் செத்தவர். ஸ்பானிஷ் என்ன பிராங்கோவின் அப்பன் வீட்டுச் சொத்தா? அந்த மொழியில் எழுதி அந்த ஆட்சியிடம் உயிரை விட்டவர்களைத் தேடிப்பிடித்துத்தானே பாடினார். அதைப் போய்க் கட்சி மாறியது என்கிறாய்.

இடையில் 1971இல் 'மெதிதெரானியோ' வந்தது. மத்தியதரைக் கடலைப் பற்றி செர்ராட்டே எழுதிய பாட்டு. தலைப்பைத் தவிர ஒரு சொல்லும் புரியாமல் நான்கு தடவை கேட்டேன்.

நடித்திருக்கிறாரா என்று கேட்டிருந்தாய். 1968க்கும் 1973க்கும் இடையில் மூன்று படங்களில் நடித்தார். பாடகரின் புகழை நம்பி எடுத்த படங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விடு.

1975 செப்டம்பரில் பிராங்கோ ஆட்சி ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. மெக்சிகோவில் இருந்த செர்ராட் அதைக் கண்டித்தார். ஊர் திரும்பினால் கைது. ஒரு பேருந்தில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவைச் சுற்றிவந்து பாடினார். நவம்பரில் பிராங்கோ செத்தும், மறுவருஷம்தான் திரும்ப முடிந்தது. இவ்வளவு பட்டவரை, 2017இல் கட்டலோனியாத் தனிநாட்டு வாக்கெடுப்பில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று சொன்னதற்காகச் சிலர் 'பாசிஸ்ட்' என்றார்களாம். உன் வார்த்தை அதைவிடப் பரவாயில்லை.

கடைசிக் கச்சேரி 2022 டிசம்பர் 23இல், மொஞ்சுயீக் குன்றின் மேலேயே உள்ள அரங்கில். பிறந்த தெருவிலிருந்து நடந்தே ஏறிவிடலாம். நான்கு நாளில் அவருக்கு 79.

அடுத்த மாதம் இடது கண். நீ அப்போது வந்தால் மச்சாதோ தட்டை இரண்டு பேருமாகக் கேட்கலாம். கேட்டுவிட்டுத் திட்டு. கமலாவிடம் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு