நகர மன்றங்களுக்கு: ஊஞ்சலைத் திருப்பிக் கொடுங்கள்

சிங்கப்பூர் நகர மன்ற நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டு இடங்களைப் புதுப்பிக்கும்போது சங்கிலி ஊஞ்சல், கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம், நீளப் பலகை சீசா எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பதிலுக்கு ரப்பர் தரையில் ஒரு பிளாஸ்டிக் கோபுரம் வருகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது அருமை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்திலேயே அலுத்துவிடுகிறது, அப்புறம் கைபேசிதான்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய மணலில் கண்ணாடித் துண்டும் பூனைக் கழிவும் கிடந்தன. வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்குமரம் தொடையைச் சுட்டது. 1990களில் மணலை அகற்றி ரப்பர் விரிப்புக்கு மாறியதில் நியாயம் உண்டு. ஆனால் விழுந்தால் அடி குறையட்டும் என்றுதானே அந்த விரிப்பு? தரை மெத்தென்று ஆன பிறகு உயரத்தையும் வேகத்தையும் ஏன் குறைக்கிறீர்கள்? துருப்பிடித்த சங்கிலியும் கழன்ற திருகாணியும் பராமரிப்பில் தீர்கிற விஷயங்கள். அவற்றுக்காக ஊஞ்சலையே எடுத்துவிடக் கூடாது.

எவ்வளவு உயரம் வரை போகலாம், எப்போது கால் ஊன்ற வேண்டும், அடுத்தவன் முறை வரும்வரை எப்படிக் காத்திருப்பது என்று பிள்ளை தன் உடம்பாலேயே கற்றுக்கொள்ளும் இடம் ஊஞ்சல். பக்கத்தில் நின்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அது வராது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காகக் கோர் இயன் கீ 1979ல் வடிவமைத்த தோ பாயோ டிராகன் விளையாட்டு இடம் இன்னமும் மணலோடு நிற்கிறது. அதைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி. ஆனால் இன்று அங்கே பெரியவர்கள் படம் எடுக்கப் போகிறார்கள். அட்மிரல்ட்டி பூங்காவில் 26 சறுக்குமரங்கள் இருக்கின்றன, உயரமானவையும் உண்டு. மனம் வைத்தால் இந்த ஊரில் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பள்ளி விட்டு வந்த பிள்ளை தினமும் பேருந்து ஏறி அங்கே போக முடியுமா?

ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் நிறைய இடம் விட வேண்டும், எல்லா புளோக்கிலும் அது கிடைக்காது. சரி, நாலைந்து புளோக்குக்கு ஒன்றாவது வையுங்கள். அடுத்த புதுப்பிப்புக்கு வரைபடம் தயாரானதும், எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடமும் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேட்டைவாசி ஒருவர்