புதன்கிழமை அக்காவுக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

மேடையிலிருந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகிறது. இரண்டு நிமிட அடாஜியோ, பாலேயில் மெதுவாக ஆடும் பகுதி. விழாமல் முடித்தேன். கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

46 வயதில் பாலே எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. சின்ன வயதில் பரதத்துக்கு அரைமண்டி போட்டுத் தரையைத் தட்டிப் பழகிய உடம்பு இது. பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை எல்லாம் வரும். நடுக்கூடத்துக்கு வந்தால்தான் வண்டவாளம் தெரியும். வேகமான ஆட்டத்தில் ஒரு தப்பை அடுத்த அடியில் மூடிவிடலாம். அடாஜியோவில் ஒளிய இடமில்லை. டெவலப்பே என்று ஒன்று. ஒற்றைக் காலில் நின்று, மற்றப் பாதத்தை நிற்கிற காலின் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இழுத்து, அங்கிருந்து முன்னால் மெல்ல விரிக்க வேண்டும். ஏற நான்கு எண்ணிக்கை, இறங்க நான்கு. நம் கவலையெல்லாம் தூக்குகிற கால் மேல். கவிழ்ப்பதோ நிற்கிற கால்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் தனியாக நின்று பழகுவேன். கூட்டித் துடைக்கும் அக்கா மாப்போடு வாசலுக்கு வருவார். "நீங்க ஆடுங்கம்மா, நான் படிக்கட்டு முடிச்சிட்டு வரேன்" என்று போய்விடுவார். கூடத்துக்குக் கடைசியில்தான் வருவார். அதுதான் வேலை வரிசை போலும் என்று நானும் விட்டுவிட்டேன். போன மாதம் காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது, கூடம்தான் அவருக்கு முதல் வேலையாம். எனக்காக மாற்றிக்கொண்டதில் ஒன்பதரை பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரம் நிற்பாராம். நான்கு மாதமாக! கேட்டால், "வீட்டுக்குப் போயும் டிவிதானேம்மா" என்கிறார்.

ஒரு நாள் நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "கீழ என்னத்தத் தேடுறீங்க? நான் தொடச்ச தரைம்மா, ஒண்ணும் கெடக்காது" என்றார். அப்புறம் சொன்னார்: "நம்ம ரோட்டுல கண்ணு தெரியாதவங்க குச்சியோட போறாங்களே, அவங்க தரையப் பாத்தா நடக்கிறாங்க?"

கோலாலம்பூரில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அவர்கள் காலால் வழி அறிய நடைபாதையில் மஞ்சள் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். தினமும் மிதித்துப் போகிறவள்தான் நான். அன்று இரவு ஆள் நடமாட்டம் குறைந்ததும், மெல்லிய செருப்போடு அதன் மேல் நிமிர்ந்து நின்று பார்த்தேன். குதிகாலுக்கடியில்தான் கல் அழுத்தியது. என் எடை முழுக்கப் பின்னால் கிடந்திருக்கிறது! முன்பாதத்துக்குக் கொஞ்சம் கொண்டுவந்தேன், இடுப்பு தானாக மேலே வந்தது. ஆசிரியை ஆறு மாதமாகச் சொன்னது இதைத்தான். என் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. இசையை எனக்காக மெதுவாக்கிக் கொடுத்த ஆசிரியை, "ஆண்ட்டி, மூச்சு விடுங்க" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்த சீனத்துப் பிள்ளைகள், நெரிசலில் கிள்ளானிலிருந்து காரோட்டி வந்த அண்ணன், என் ஷிஃப்டைப் பார்த்துக்கொண்ட தோழி, சோறு தாப்பாவ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி, வாசலில் தொங்கவிட்டுப் போன பக்கத்து வீட்டார். எல்லாருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சேலை கட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தடுமாறாமல் நிற்க எதிர்ச்சுவரைத் தேடிய என் கண் அவர்மேல்தான் நின்றது. முடிந்ததும் பக்கத்தில் வந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "பசியாறிட்டீங்களா?"

இனிப் புதன்கிழமைகளில் கூடத்தை நானே துடைத்துவிட்டு, அக்காவை ஒன்பதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மாப்பை அவ்வளவு லேசில் கையில் கொடுக்க மாட்டார். பார்க்கலாம்.