வரைபடத்தில் பெயரில்லாத மூன்று தீவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளில் சீனாவின் செல்வாக்கைக் கண்காணிக்கும் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்க அமெரிக்காவில் நடக்கும் முயற்சி பற்றி, சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். விபரங்களில் எனக்குக் குறையில்லை. 'பிராந்திய சீன அதிகாரிகள்' என்ற பெயரில் இந்த அமெரிக்கர்களுக்கான பதவி ஏற்கனவே இருப்பதும், சீன விவகாரங்களை ஒருங்கிணைக்க 2022 டிசம்பரில் வொஷிங்டனில் தனி அலுவலகம் திறக்கப்பட்டதும் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் இந்தக் கண்காணிப்பால் இலங்கை போன்ற சிறிய நாடுகளின் குரலும் வல்லரசுகளின் காதில் விழும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறாரே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவுக்காரன்.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்தை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சீனர்களா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடம் டிசம்பரில், 'மூன்றாம் தரப்பின்' பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனை வணங்கினார். உங்கள் பத்திரிகையிலும் படம் வந்தது. பிறகு இந்தியா தன் நன்கொடையில் செய்வதாகச் சொல்லி, 2024 மார்ச்சில்தான் ஒரு பெங்களூரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருடம் ஐயா! கையெழுத்துக்கு மட்டும் மூன்று வருடம். அவ்வளவு காலமும் எங்களுக்கு டீசல் மின்பிறப்பாக்கிதான். அது நின்ற இரவுகளில் என் பேத்தி பரீட்சைக்குப் படித்தது விளக்கு வெளிச்சத்தில்.

எங்கள் குரல் யார் காதிலும் விழவில்லை என்று நான் ஊகத்தில் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒரு தூதரகத்திலிருந்து அதிகாரி ஒருவர் தீவுக்கு வந்தார். எந்த நாடு என்று எழுதமாட்டேன், அவர் பண்பானவர். இறங்குதுறையருகே மரநிழலில் எங்களில் நான்கைந்து பேரோடு மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார். மற்ற நாட்டவர்கள் வந்தார்களா, எத்தனை பேர், எந்த இடத்தை அளந்தார்கள், படம் எடுத்தார்களா என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் குடிதண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கடல் கொந்தளிக்கும் நாளில் பிரசவ வலி வந்த பெண்ணைப் படகில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோக நாங்கள் படும் பாட்டைச் சொன்னேன். பேனா அசையவில்லை. நாற்பது வருடம் கரும்பலகை முன் நின்றவனுக்கு, கேட்கிற பிள்ளை யார், கேட்பதுபோல் இருக்கிற பிள்ளை யார் என்று தெரியாதா?

2022 ஓகஸ்டில் உளவு பார்க்குமோ என்று இந்தியா அஞ்சிய 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும் இப்படித்தான். டில்லியும் வொஷிங்டனும் பெய்ஜிங்கும் ஒரு கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்த எங்கள் கடற்றொழிலாளர்களைப் பற்றி எந்தத் தலைநகரம் பேசியது?

ஒரு தேசம் தன் போட்டியாளரைக் கவனிக்கட்டும், அது அதன் உரிமை. சீனாவின் செல்வாக்கை எதிர்கொள்ள அமெரிக்கக் காங்கிரஸ் வருடந்தோறும் கோடிக்கணக்கான டொலர் ஒதுக்குகிறது. தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க 88 வாரம் என்றும் தமிழுக்கு 44 வாரம் என்றும் அந்த வெளிவிவகாரத் திணைக்களமே கணக்கு வைத்திருக்கிறது. அந்த 44 வாரத்தைப் படித்த ஒருவர் எங்கள் இறங்குதுறையில் வந்து உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. போட்டியாளர் என்ன செய்கிறார் என்று எழுதுவதே வேலையாகக் கொண்டவர் எங்களைப் பற்றி ஏன் எழுதப்போகிறார்? அதை எங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையே எழுதுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடமாக உங்கள் வாசகன் நான். படகு ஓடாத நாட்களில் இரண்டு நாள் பழைய இதழையும் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறேன்.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். அந்தச் சட்டமூலத்தில் இந்த அதிகாரிகளின் கடமைகள் என்று சொல்லப்பட்டிருக்கும் பகுதியைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள். உள்ளூர் மக்களின் தேவை பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று வாசகர்களே பார்க்கட்டும். மற்றது, கட்டுரையோடு வந்த வரைபடத்தில் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே மூன்று புள்ளிகள் மட்டுமே இருந்தன. அடுத்த முறை அவற்றின் பெயர்களையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நெடுந்தீவு